கிண்டியில் இடம் கிடைக்குமா? கட்-ஆஃபைச் சரியாகப் படிப்பது எப்படி

பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளை இருக்கும் வீட்டில், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே கேள்வி தொடங்கிவிடும். "பையனுக்கு 188 வருது, கிண்டி கிடைக்குமா?" "பொண்ணுக்கு 195, சிஎஸ்இ வருமா, இல்ல ஈசிஇ-தானா?" சொந்தக்காரர், டியூஷன் மாஸ்டர், நாலு வருஷத்துக்கு முன்னால் கவுன்சிலிங் போய்வந்த பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தப் பதில் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். "போன வருஷம் 197-ல முடிஞ்சுது, உனக்கு வராது." இல்லையென்றால், "போன வருஷம் 187-க்கே கிடைச்சுது, கண்டிப்பா வரும்."

இரண்டுமே போன வருஷத்து எண்ணை ஒரு விதியாக எடுத்துக்கொள்கின்றன. முதல் பதிலை நம்பிய பிள்ளை, கிடைத்திருக்கக்கூடிய கல்லூரியைப் பட்டியலில் போடாமலே விட்டுவிடுகிறது. இரண்டாவது பதிலை நம்பிய பிள்ளை, நாலைந்து கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகிறது. இரண்டும் வருஷா வருஷம் நடக்கிறது. கொஞ்சம் விஷயம் தெரிந்திருந்தால் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

இங்கே பேசப்போவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையைப் பற்றி, அதாவது டிஎன்இஏ கவுன்சிலிங்கைப் பற்றி. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி, அதே வளாகத்தில் இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி ஆகியவற்றுக்கும், மாநிலம் முழுவதும் உள்ள 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கும் இந்த ஒரே கவுன்சிலிங்தான். அதே சர்தார் படேல் சாலையில் இருக்கும் ஐஐடி மெட்ராஸுக்கும், திருச்சி என்ஐடிக்கும் வழி வேறு. அவற்றுக்கு ஜேஇஇ எழுத வேண்டும். டிஎன்இஏவுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம்.

## முதலில் உங்கள் மதிப்பெண்

கணக்கு மதிப்பெண்ணை அப்படியே நூற்றுக்கு எடுத்துக்கொள்வார்கள். இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி, ஒவ்வொன்றையும் ஐம்பதுக்குக் கொண்டுவருவார்கள். மூன்றையும் கூட்டினால் 200-க்கு ஒரு எண் வரும். இதைத்தான் பிள்ளையின் கட்-ஆஃப் என்கிறோம்.

கணக்கில் 96, இயற்பியலில் 94, வேதியியலில் 91 வாங்கிய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 96, அப்புறம் 47, அப்புறம் 45.5. மொத்தம் 188.5. இன்னொரு மாணவர் கணக்கில் 93, இயற்பியலில் 97, வேதியியலில் 94. அவருக்கு 93, 48.5, 47. அவருக்கும் 188.5 தான்.

மூன்று பாட மதிப்பெண்ணை அப்படியே கூட்டினால் மாணவிக்கு 281, மாணவருக்கு 284. மூன்று மதிப்பெண் அதிகம் வாங்கியவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். கணக்கில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் ஒன்று போகும். மற்ற இரண்டு பாடங்களில் ஒரு மதிப்பெண் போனால் அரைதான் போகும். மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ பணம் கட்டலாமா என்று யோசிக்கும் வீடுகளில், முதலில் பார்க்க வேண்டியது கணக்கு விடைத்தாளின் நகலை.

சிபிஎஸ்இ போன்ற வேறு பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இதற்கு முன் இன்னொரு படி இருக்கிறது. அந்த வாரியத்தில் ஒரு பாடத்தில் எடுக்கப்பட்ட மிக உயர்ந்த மதிப்பெண்ணை, மாநில வாரியத்தின் மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்குச் சமமாக வைத்து, மற்ற எல்லாருடைய மதிப்பெண்ணையும் அதே விகிதத்தில் மாற்றுவார்கள். இதற்குச் சமன்படுத்துதல் என்று பெயர். மாநில வாரியத்தில் முதல் மதிப்பெண் 100, அந்த வாரியத்தில் 95 என்று வைத்துக்கொண்டால், அங்கே 76 எடுத்தவருக்கு இங்கே 80 கணக்காகும். இரண்டு வாரியத்திலும் யாராவது ஒருவர் 100 எடுத்துவிட்டால் மாற்றமே இருக்காது. "சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு மார்க் கூட்டிக் கொடுத்துடறாங்க" என்று சொல்வதற்கு முன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

## ஒரே கட்-ஆஃப், வேறு வேறு இடம்

மாநில வாரியத்தில் மதிப்பெண் முழு எண்ணாக வருவதால், கட்-ஆஃப் அரை அரையாகத்தான் ஏறும், இறங்கும். 190-லிருந்து 200 வரைக்கும் மொத்தமே 21 படிகள். ஒவ்வொரு படியிலும் கூட்டம் நிற்கும்.

எவ்வளவு கூட்டம்? 2025 தரவரிசைப் பட்டியலில் ஏறக்குறைய 2.4 லட்சம் பேர் இருந்தார்கள். தகுதி மதிப்பெண் 40 சதவீதத்திலிருந்து தொடங்குவதால், 80-லிருந்து 200 வரை சுமார் 240 அரைப் படிகள். வகுத்துப் பார்த்தால், சராசரியாகவே ஒரு படிக்கு ஆயிரம் பேர். உச்சியில் கூட்டம் குறைவு, நடுவில் இந்தச் சராசரியை விட அதிகம். ஆக, நடுவில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அரை மதிப்பெண் வித்தியாசம் என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டுவது அல்லது அவர்களுக்குப் பின்னால் போவது.

ஒரே படியில் நிற்பவர்களில் யார் முன்னால்? முதலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். நம் 188.5 ஜோடியில் கணக்கில் 96 எடுத்த மாணவி முன்னால் போய்விடுவார். கணக்கும் சமம் என்றால் இயற்பியல், அதுவும் சமம் என்றால் நான்காவது விருப்பப் பாடம் என்று போகும். எல்லாமே சமமாகிப்போனால் கடைசியில் பிறந்த தேதி, வயதில் மூத்தவர் முன்னால். அதுவும் ஒன்றாக இருந்தால் தான் ரேண்டம் நம்பர், அதாவது கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் எண். ஒவ்வொரு ஆண்டும் அந்த எண் வெளியாகும்போது பெரியதா சிறியதா என்று வீட்டில் ஒரு பதற்றம் கிளம்பும். தேவையே இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் படி வரைக்கும் போகவே வேண்டியிருக்காது.

இப்படி ஒருவர் பின் ஒருவராக எல்லாரையும் நிறுத்தியபின் கிடைக்கும் வரிசை எண்தான் ரேங்க்.

இதுவரை பார்த்தது: கட்-ஆஃப் என்பது நீங்கள் நிற்கும் படி. ரேங்க் என்பது வரிசையில் உங்கள் சரியான இடம். இடம் தருவது ரேங்க்கை வைத்து.

## போன வருஷத்து எண் எங்கிருந்து வருகிறது

தீபாவளிக்கு முந்தைய இரவு ஊருக்குப் போகும் பேருந்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். டோக்கன் வரிசைப்படி ஒவ்வொருவராக ஏறி, காலியாக இருப்பதில் தனக்குப் பிடித்த சீட்டில் உட்காரலாம். போன வருஷம் கடைசி ஜன்னல் சீட் டோக்கன் 22-க்குக் கிடைத்தது.

அப்படியானால் "ஜன்னல் சீட்டுக்கு 22" என்று யாராவது விதி போட்டார்களா? இல்லை. தனக்கு முன்னால் போன 21 பேரும் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்து, அந்த ஆளுக்கு அது கிடைத்தது. இந்த வருஷம் முன்னால் நிற்பவர்களில் பலர் கால் நீட்ட வசதியாக ஓரத்து சீட்டைப் பிடித்தால், டோக்கன் 30-க்கும் ஜன்னல் கிடைக்கலாம். நாலு பேர் டோக்கனை வாங்கிவிட்டு ரயிலில் போய்விட்டால் இன்னும் பின்னால் போகலாம். எல்லாருமே ஜன்னலுக்கு ஆசைப்பட்டால் 18-லேயே முடிந்துவிடலாம்.

கல்லூரிகளின் கட்-ஆஃபும் இப்படிப் பிறப்பதுதான். கிண்டியில் ஒரு பாடப்பிரிவின் கடைசி இடத்தை எடுத்த மாணவருடைய மதிப்பெண் என்னவோ, அதுதான் அந்த ஆண்டு அந்தப் பிரிவின் முடிவு மதிப்பெண். கல்லூரி முன்கூட்டியே உட்கார்ந்து தீர்மானித்த எண் கிடையாது. இடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகு திரும்பிப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் எண் அது. ரயிலில் போனவர்களும் நிஜத்தில் இருக்கிறார்கள்: வரிசையில் முன்னால் நின்றுவிட்டு, நீட் வழியாக மருத்துவத்துக்கோ, ஜேஇஇ வழியாக ஐஐடி, என்ஐடிக்கோ போய்விடுகிறவர்கள். அவர்கள் எப்போது போகிறார்கள் என்பதும் முக்கியம். 2022-ல் நீட் முடிவுக்காகக் காத்திருந்து, பொதுக் கவுன்சிலிங்கை செப்டம்பருக்குத் தள்ளிவைத்ததற்குக் காரணமே இதுதான். பிள்ளைகள் முதலில் இங்கே இடம் எடுத்துவிட்டுப் பிறகு மருத்துவத்துக்குப் போனால், அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

## ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது

பெரிய காரணம் வினாத்தாள். மாநில வாரியத்தில் வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 2023-ல் 3,909 பேர். அடுத்த வருஷம் 471 பேர்தான். அதற்கடுத்த 2025-ல் மறுபடி 3,181 பேர். கணக்கில் இதற்கு நேர்மாறு: 2023-ல் 690 பேர், 2024-ல் 2,587 பேர். பிள்ளைகள் ஒரு வருஷம் அறிவாளியாகி அடுத்த வருஷம் மக்காகிவிடவில்லை. கேள்விகள் மாறின, அவ்வளவுதான்.

இதனால் உச்சியில் என்ன ஆகிறது பாருங்கள். 200-க்கு 200 எடுத்தவர்கள் 2023-ல் 102 பேர், 2024-ல் 65 பேர், 2025-ல் 144 பேர். 2024-ல் 200 எடுத்தவருக்கு முன்னால் அதிகபட்சம் 64 பேர்தான் இருக்க முடியும். 2025-ல் அதே 200 எடுத்தவருக்கு முன்னால் 143 பேர் வரை நின்றிருக்கலாம். மதிப்பெண் அதேதான், வரிசையில் இடம் வேறு. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போல, பொதுப் போட்டி இடங்கள் 200-ஐ ஒட்டியே முடிந்துவிடும் பிரிவுகளில் இந்த வித்தியாசம் இடத்தையே தீர்மானித்துவிடும்.

2021 இன்னும் வினோதமான ஆண்டு. கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பள்ளியில் எடுத்த மதிப்பெண்ணையும் கலந்து ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலை யாராவது அனுப்பினால், ஒப்பிட எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது காரணம் இடங்களின் எண்ணிக்கை. ஒரு கல்லூரியில் ஒரு பிரிவுக்கு 60 இடம் கூடினால், கடைசி இடம் வரிசையில் இன்னும் பின்னால் போகும். முடிவு மதிப்பெண் இறங்கும். 2024-25-லிருந்து நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு மாணவர் எண்ணிக்கை மீதான உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. அதனால் தனியார் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்கள் கூடியிருக்கின்றன. ஆகவே அந்த ஆண்டுக்கான இட எண்ணிக்கையையும் பழைய கட்-ஆஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆசை. பிள்ளைகள் எதை விரும்புகிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. மெக்கானிக்கல் கேட்டு வந்த காலம் ஒன்று உண்டு. இப்போது ஏஐ, டேட்டா சயின்ஸ். முன்னால் நிற்பவர்கள் அந்தப் பக்கம் போகப் போக, சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் நல்ல கல்லூரிகளிலேயே கதவு சற்று அகலமாகத் திறக்கும். சிவில் படிக்க உண்மையாகவே ஆசைப்படும் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. இதை யாரும் அந்தப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்வதில்லை என்பதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு.

சுருக்கமாக: வினாத்தாள், இடங்களின் எண்ணிக்கை, முன்னால் நிற்பவர்களின் ஆசை. இந்த மூன்றும் மாறும்போது கட்-ஆஃபும் மாறும். முதல் காரணத்தின் குழப்பத்தை ரேங்க் பெரும்பாலும் சரிசெய்துவிடும். தேர்வு கடினமாக இருந்தாலும் எளிதாக இருந்தாலும் 5,000-ஆவது ஆள் 5,000-ஆவது ஆள்தான். அதனால் பழைய முடிவு மதிப்பெண்ணை விட, பழைய முடிவு ரேங்க் நம்பத்தக்கது.

## எந்த வரிசையில் நிற்கிறீர்கள்

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இப்படிப் பிரியும்: பொதுப் போட்டிக்கு, அதாவது ஓசிக்கு, 31 சதவீதம், பிசிக்கு 26.5, பிசி முஸ்லிம்களுக்கு 3.5, எம்பிசி மற்றும் டிஎன்சிக்கு 20, எஸ்சிக்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்டிக்கு 1.

இதில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ஓசி. "ஓசி என்றால் முற்பட்ட வகுப்பினருக்கான இடம்" என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓசி என்பது திறந்த போட்டி. எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரும் ரேங்க் இருந்தால் அதில் உட்காரலாம். பிசி மாணவி ஒருவருக்கு ரேங்க் முன்னால் இருந்தால் அவர் முதலில் ஓசி இடத்தில்தான் வைக்கப்படுவார். ஓசி தீர்ந்த பிறகே பிசி இடங்களிலிருந்து எடுப்பார்கள். அதனால் அந்த மாணவிக்கு இரண்டு வரிசையிலும் வாய்ப்பு உண்டு. தரவரிசைப் பட்டியலில் பொது ரேங்க், சமூக ரேங்க் என்று இரண்டு எண் வருவது இதற்குத்தான்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடங்கள் முன்னுரிமையில் ஒதுக்கப்படுகின்றன. இந்தப் பிள்ளைகள் பொதுப் பட்டியலிலும் இருப்பார்கள், இந்தத் தனிப் பட்டியலிலும் இருப்பார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு யாராவது பொது வரிசையின் முடிவு மதிப்பெண்ணைக் காட்டி "உனக்குக் கிண்டியெல்லாம் எட்டாது" என்று சொன்னால், அவர் தவறான வரிசையைப் பார்த்துப் பேசுகிறார். அந்தப் பேச்சால் ஒரு பிள்ளை பட்டியலில் கிண்டியைப் போடாமல் விட்டால் அது சின்ன இழப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு பிரிவில் 60 இடம் என்று வைத்துக்கொண்டால் ஓசிக்கு ஏறக்குறைய 19 இடம், பிசிக்கு 16. அருந்ததியருக்கு இரண்டு, எஸ்டிக்கு ஒன்று இருந்தால் உண்டு. அந்த ஒரே இடத்தின் முடிவு மதிப்பெண் என்பது ஒரே ஒரு மாணவருடைய மதிப்பெண். போன வருஷம் அவர் 190 எடுத்திருந்தார் என்பதால் இந்த வருஷமும் 190 வேண்டும் என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. இடங்கள் குறைவாக உள்ள வரிசையில் கட்-ஆஃப் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகத் துள்ளும். அந்த வரிசையில் நிற்கும் பிள்ளைகள் பழைய எண்ணைப் பார்த்துப் பயந்து ஒதுங்கக் கூடாது.

## கம்ப்யூட்டர் எப்படி இடம் கொடுக்கிறது

ரேங்க் வந்ததும் மாணவர்களைச் சில சுற்றுகளாகப் பிரிப்பார்கள். உயர்ந்த ரேங்க் முதல் சுற்றில், அடுத்தவர்கள் அடுத்த சுற்றில். ஒவ்வொரு சுற்றிலும் சில நாட்கள் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். இதுதான் சாய்ஸ் ஃபில்லிங்.

நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அந்தச் சுற்றின் முதல் ரேங்க்கை எடுக்கும். அவருடைய முதல் விருப்பத்தில் ஓசி இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அதே விருப்பத்தில் அவருடைய சமூக இடம் இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் இரண்டாவது விருப்பம். கிடைக்கும் வரை கீழே இறங்கிக்கொண்டே போகும். அவருக்கு இடம் கொடுத்த பிறகுதான் அடுத்த ரேங்க்கை எடுக்கும்.

இதை நிதானமாக யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். உங்கள் முறை வரும்போது உங்களுக்குப் பின்னால் நிற்கும் யாரும் ஒரு இடத்தைக்கூட எடுத்திருக்க முடியாது. ஆகவே, கிடைக்க வாய்ப்பே இல்லாத கல்லூரியை முதலில் போட்டாலும் எந்த நஷ்டமும் இல்லை. கம்ப்யூட்டர் பார்க்கும், இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும். அந்த இடைவெளியில் உங்கள் இரண்டாவது விருப்பத்தை வேறு யாரும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது.

ஆனால் "கிடைக்காததை முதல்ல போட்டா வேஸ்ட், கிடைக்கிறதை முதல்ல போடு" என்ற அறிவுரை இன்னும் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். கிடைக்கும் என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போட்டால் அது கிடைத்துவிடும், கம்ப்யூட்டர் அங்கேயே நின்றுவிடும். அந்த வருஷம் கிண்டியில் இடம் உங்கள் ரேங்க் வரை வந்திருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது. வரிசையைத் தீர்மானிக்க ஒரே கேள்விதான்: இந்த இரண்டும் கையில் கிடைத்தால் நான் எதில் போய்ச் சேருவேன்? கிடைக்குமா என்ற கேள்விக்கு வரிசையில் வேலையே இல்லை.

அந்தக் கேள்விக்கு வேலை இருப்பது பட்டியலின் நீளத்தில். உயர்ந்த கல்லூரிகளை மட்டும் போட்டு நிறுத்திவிட்டால், ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அப்புறம் அடுத்த சுற்றில், முதல் சுற்றுக்காரர்கள் எடுத்தது போக மீதியிருப்பதில்தான் தேட வேண்டும். கீழே உறுதியாகக் கிடைக்கக்கூடிய, சேர்ந்தால் மனம் ஒப்பிப் படிக்கக்கூடிய சில கல்லூரிகள் இருந்தே ஆக வேண்டும். பட்டியல் நீளமாக இருந்தால் இழப்பு எதுவும் இல்லை.

இதுவரை: வரிசை உங்கள் ஆசைப்படி, நீளம் உங்கள் ரேங்க்கைப் பார்த்து.

## இப்போது கணித்துப் பார்ப்போம்

முதல் வேலை, தரவரிசைப் பட்டியல் வரும்வரை காத்திருப்பது. மே மாதத்தில் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். அந்த ஆண்டில் 188.5 எந்த ரேங்க்கில் வந்து நிற்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ரேங்க் வந்ததும், நீங்கள் விரும்பும் கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவு உங்கள் வரிசையில் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த ரேங்க்கில் முடிந்தது என்று எடுங்கள். உதாரணத்துக்கு 4,100, 4,900, 4,500 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ரேங்க் 3,800 என்றால் மூன்று ஆண்டிலும் உங்களுக்குக் கிடைத்திருக்கும். நம்பிக்கையோடு இருக்கலாம். 4,600 என்றால் ஒரு ஆண்டில் கிடைத்திருக்கும், மற்ற இரண்டில் கிடைத்திருக்காது. இதை யாராலும் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. 7,000 என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அந்தக் கல்லூரி உங்கள் ஆசையில் முதலில் இருந்தால் பட்டியலிலும் முதலில்தான் இருக்க வேண்டும், காரணம் மேலே பார்த்ததுதான்.

பொது ரேங்க்கைப் பொது வரிசையின் முடிவு ரேங்க்கோடும், சமூக ரேங்க்கைச் சமூக வரிசையின் முடிவு ரேங்க்கோடும் ஒப்பிட வேண்டும். இரண்டையும் குறுக்கே மாற்றிப் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோகிறவர்கள் நிறைய. ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

இணையத்தில் மதிப்பெண்ணைத் தட்டினால் கல்லூரிப் பட்டியல் தரும் கருவிகள் பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை போன வருஷத்து முடிவு மதிப்பெண்ணை உங்கள் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுச் சொல்கின்றன, அவ்வளவுதான். முதல் பட்டியல் தயாரிக்க உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். "நான் சொன்னால் கவுன்சிலிங்கில் இந்தக் காலேஜ் கிடைக்கும், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்று தனியே உண்டு, அது கல்லூரிக்கும் பெற்றோருக்கும் இடையிலான விஷயம். அரசு ஒதுக்கீட்டு இடத்தை ரேங்க்கும் நீங்கள் பதிந்த பட்டியலும் தவிர வேறு யாராலும் வாங்கித்தர முடியாது.

## இடம் வந்த பிறகு

முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடு. அதற்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். ஊர்த் திருவிழா, மொபைலில் சார்ஜ் இல்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. லாகின் விவரமும் ஓடிபி வரும் எண்ணும் யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த இடமே போதும் என்றால் ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டு, மேலே கேட்டிருந்தது காலியானால் மாற்றித் தரவும் சொல்லலாம். இதைத்தான் அப்வர்ட் என்கிறார்கள். கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே உள்ளதற்காக மட்டும் காத்திருப்பது இன்னொரு வழி. ஆனால் கையில் எதுவும் இல்லாமல் நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்வர்ட் கொடுத்தால், உங்கள் பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலே இருப்பவற்றை மட்டும்தான் பார்ப்பார்கள். இடத்தை உறுதிசெய்துவிட்டுக் குறித்த நாளுக்குள் போய்ச் சேராதவர்களின் இடங்கள் இப்படிக் காத்திருப்பவர்களுக்கு வரும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால், கையில் வைத்திருந்த பழைய இடம் அந்த நிமிஷமே வேறொருவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. சாய்ஸ் ஃபில்லிங்கின்போது யாரோ சொன்னார்கள் என்பதற்காக, மனசுக்குப் பிடிக்காத ஒரு கல்லூரியை மேலே போட்டு வைத்திருந்தால், அது உங்களுக்கே வந்து சேரும். ஆகவே பட்டியலைப் பூட்டுவதற்கு முந்தைய இரவு, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் பிள்ளையையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எந்த வரியில் குரல் தயங்குகிறதோ, அந்த வரியைப் பற்றி அன்றைக்கே பேசிவிடலாம்.